மஞ்சள் போர்வையில் பட்ட கறை

நபிகளாரின் துணைவியார் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களின் வீட்டில் ஒருவர் விருந்தாளியாகத் தங்கினார். அவருக்கு மஞ்சள் நிறப் போர்வை ஒன்றைக் கொடுக்கச் சொன்னார் நாயகி. அன்றிரவு தூக்கத்தில் கனவு கண்டு இந்திரியம் வெளிப்பட்டு, போர்வையில் பட்டுவிட்டது. அந்த அடையாளத்தோடு அதைத் திருப்பிக் கொடுக்க விருந்தாளிக்கு வெட்கம். முழுப் போர்வையையும் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்துக் கொடுத்தனுப்பினார். நம்முடைய துணியை எதற்காக இப்படிப் பாழாக்கினார் என்று நாயகி கேட்டார். விரலால் சுரண்டிவிட்டாலே போதுமாக இருந்ததே, நபிகளாரின் உடையிலிருந்து தாமே அப்படிச் சுரண்டி எடுத்ததுண்டே என்றும் சொன்னார். கி.பி. 892இல் மறைந்த இமாம் திர்மிதியின் ஹதீஸ் தொகுப்பில், சுத்தம் பற்றிய பகுதியில் இந்தச் செய்தி இருக்கிறது.

வந்தவருக்குக் கொடுத்த படுக்கை, இரவில் அறியாமல் நேர்ந்த கறை, விடிந்ததும் வந்த வெட்கம், வீட்டுக்காரரின் மனக்குறை. இந்த நான்கும் இன்று புத்தளக் கரையோரத்தில் அன்றாடச் சங்கதிகள். கொழும்பிலிருந்து புத்தளத்துக்குப் போகும் ஏ-3 வீதியில், தென்னந்தோட்டங்களும் இறால் பண்ணைகளும் உள்ள பகுதியில் இருக்கிறது மதுரங்குளி. அதைத் தாண்டி, பாலாவியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்றை நம்பிக் கைட் விளையாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறார்கள். மார்ச்சிலும் ஓகஸ்ட்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு யாத்திரிகர்கள் திரளுகிறார்கள். வில்பத்துக் காட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதுதான் வழி. 2024இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் தொகை இருபது இலட்சத்தைத் தாண்டியது. ஏர்பிஎன்பி போன்ற செயலிகள் வந்த பிறகு, ஓர் அறையும் குளியலறையும் மிச்சமிருக்கும் வீடுகூடத் தங்குமிடமாக மாறலாம்.

காலையில் விருந்தினர் போன பிறகு வீட்டுக்காரர் படுக்கை விரிப்பை உருவுகிறார். அதில் ஒரு கறை. பகல் இரண்டு மணிக்கு அடுத்த விருந்தினர் வந்துவிடுவார். அந்த நேரத்தில் வரும் எரிச்சல் மனித இயல்பு. ஆனால் அந்த எரிச்சலுக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: துணியில் தெரியும் அடையாளம், மார்க்கம் சொல்லும் அசுத்தம், மனிதர்மேல் சுமத்தும் குற்றம். இவற்றைப் பிரித்துப் பார்க்கும் வேலையை மார்க்க அறிஞர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்துவிட்டார்கள். வாடகைக்கு அறை கொடுப்பவருக்கு இன்று அதைவிடப் பயனுள்ள பாடம் வேறில்லை.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாபிஈ மத்ஹப் என்ற சட்ட வழியைப் பின்பற்றுபவர்கள். கி.பி. 820இல் மறைந்த இமாம் ஷாபிஈயின் வழியில் மனிதனின் இந்திரியம் சுத்தமானது. ஆயிஷா நாயகி சுரண்டி எடுத்ததாகச் சொன்ன செய்தியும் அதற்கான சான்றுகளில் ஒன்று. இமாம் அபூ ஹனீபாவின் வழியில் அது அசுத்தம். ஆயினும் காய்ந்துவிட்டால் சுரண்டினால் போதும். இமாம் மாலிக்கின் வழியில் கழுவியே ஆக வேண்டும். இப்படி மூன்று தீர்ப்புகள் இருந்தாலும், தூக்கத்தில் நேர்ந்ததற்காக அந்த விருந்தாளியைப் பாவி என்று மூவரில் ஒருவரும் சொல்லவில்லை. தூங்குகிறவர்மேல் கணக்கு எழுதப்படுவதில்லை என்பது எல்லாருக்கும் பொதுவான விதி.

இரத்தமும் சிறுநீரும் மலமும் நஜீஸ், அதாவது மார்க்கம் சொல்லும் அசுத்தம். அவை பட்ட துணியைக் கழுவித்தான் தீர வேண்டும். ஷாபிஈ வழியில் இதற்கு நுணுக்கமான முறை உண்டு. இரண்டு குல்லத்துக்கு, அதாவது ஏறத்தாழ இருநூறு லீற்றருக்குக் குறைந்த தண்ணீரில் நஜீஸ் விழுந்தால் அந்தத் தண்ணீரே அசுத்தமாகிவிடும். ஆகவே வாளித் தண்ணீரில் துணியைப் போடாமல், துணிமேல் தண்ணீரை ஊற்ற வேண்டும். இன்றும் பல முஸ்லிம் வீடுகளில் வாஷிங் மெஷினுக்குள் போடுமுன் அந்த இடத்தை மட்டும் குழாயடியில் பிடித்து அலசிக்கொள்வது இதனால்தான். பால் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தையின் சிறுநீருக்கு நீர் தெளித்தாலே போதும் என்ற சலுகையும் உண்டு.

கழுவிய பிறகும் நிறம் போகவில்லை என்றால்? தேய்த்தும் அலசியும் நிறம் மட்டுமோ வாடை மட்டுமோ போக மறுத்தால் அது மன்னிக்கப்படும் என்கிறது ஷாபிஈ பிக்ஹு எனும் மார்க்கச் சட்டம். இரண்டும் சேர்ந்து தங்கினால்தான் மன்னிப்பில்லை. கவ்லா பின்த் யஸார் என்ற பெண்மணி தம்மிடம் இருந்த ஒரே ஆடையில் மாதவிடாய் இரத்தத்தின் அடையாளம் போகவில்லை என்று முறையிட்டார். தண்ணீர் போதும், அடையாளம் கெடுதல் செய்யாது என்ற கருத்தில் நபிகளார் விடையளித்ததாக அபூதாவூதின் தொகுப்பில் ஒரு செய்தி இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் காணும் அறிஞர்கள் உண்டு. ஆனாலும் சட்டம் அந்தக் கருணையின் பக்கமே நிற்கிறது. மங்கிய பழுப்பு வட்டம் விழுந்த துணியை உடுத்திக்கொண்டு ஒருவர் இறைவன் முன் நிற்கலாம், தொழலாம்.

தொழுகைக்குத் தகுந்த அந்தத் துணியை வாடகை அறையில் விரிக்க முடியாது. வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் என்பது சந்தையின் விதி. அந்த விதியில் தவறில்லை. காசு கொடுப்பவர் அதை எதிர்பார்க்கிறார், வீட்டுக்காரரும் அதை வாக்களித்திருக்கிறார். விரிப்பு வீணானால் வீட்டுக்காரருக்கு நட்டம்தான். ஆனால் அது பண நட்டம். பண நட்டத்துக்கு அருவருப்பின் மொழியில், ஒழுக்கக் கேட்டின் மொழியில் பேசத் தொடங்கும்போதுதான் விருந்தோம்பல் கெடுகிறது.

பண நட்டத்தை யார் ஏற்பது? இதற்கும் பிக்ஹில் தெளிவான பதில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவரின் கையில் இருக்கும் பொருள் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைக்கப்பட்டது. வழக்கமான பாவனையில் அது தேய்ந்தால், கெட்டால், அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. எல்லை மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோதான் பொறுப்பு அவருடையது. படுக்கை விரிப்பு தூங்குவதற்கானது. தூங்கும் மனித உடலுக்கு வியர்வை உண்டு, எண்ணெய் உண்டு, எதிர்பாராத நாளில் வரும் மாதவிடாய் உண்டு, சுகயீனம் உண்டு. இவை பாவனைக்குள் அடங்குகின்றன. வெள்ளை விரிப்பில் அமர்ந்து தலைக்குச் சாயம் பூசியது, மருதாணி ஈரத்தோடு படுத்தது, மீன் குழம்பைக் கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டியது ஆகியவை கவனக்குறைவு. அவற்றுக்கு விலை கேட்பது நீதி. ஏர்பிஎன்பியின் விதிகளும் இதே கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கின்றன. சாதாரணத் தேய்மானத்துக்கு ஈடு கேட்க முடியாது. மற்றச் சேதத்துக்கு, விருந்தினர் வெளியேறிய 14 நாட்களுக்குள் ஆதாரத்தோடு கேட்கலாம்.

யார் தவறு என்று தீர்மானிக்குமுன் கறையின் தன்மையை அறிந்திருப்பதும் வீட்டுக்காரரின் கடமை. கறை நிலைப்பதற்குக் காரணம் பல வேளைகளில் துவைக்கும் முறைதான். இரத்தத்தில் இருப்பது புரதம்; சுடுநீர் பட்டால் அது உறைந்து நூலோடு ஒட்டிவிடும், குளிர்ந்த நீரில் உடனே அலசினால் விட்டுவிடும். குழம்பில் சேரும் மஞ்சளின் கறையில் சவர்க்காரம் பட்டால் சிவக்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை, நல்ல வெயிலில் காயப்போட்டால் மங்கும். வெளிநாட்டவர் பூசும் பல சன்ஸ்கிரீன் கிரீம்களில் அவோபென்சோன் என்ற பொருள் இருக்கிறது. இரும்புச்சத்துள்ள கிணற்று நீரோடு அது சேர்ந்தால் துரு நிறத்தில் கறை எழும். அதற்குக் குளோரின் ஊற்றினால் துரு இன்னும் இறுகும். அந்தக் கறையில் பாதி விருந்தினருடைய கிரீம், பாதி வீட்டுக் கிணறு. முழுப் பழியையும் ஒருவர் தலையில் கட்டுவதற்கு அங்கே இடமில்லை.

விருந்தாளியின் கறையில் வீட்டுக்கும் பங்கு உண்டு என்பதை மௌலானா ரூமி (1207-1273) ஒரு கதையாகவே சொல்லியிருக்கிறார். மஸ்னவியின் ஐந்தாம் பாகத்தில் அது வருகிறது. இறைமறுப்பாளர் கூட்டம் ஒன்று மதீனாப் பள்ளிவாசலுக்கு வருகிறது. தோழர்கள் ஆளுக்கு ஒருவரை வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். பெருத்த உடல்கொண்ட ஒருவனை யாரும் அழைக்கவில்லை. நபிகளார் அவனைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். ஏழு ஆடுகளின் பாலையும் அவனே குடித்துத் தீர்க்கிறான். கோபம்கொண்ட பணிப்பெண் அவன் படுத்த அறையின் கதவை வெளியிலிருந்து சங்கிலி போட்டுவிடுகிறாள். நள்ளிரவில் வயிறு கலங்கி எழுந்தவனுக்கு வெளியே போக வழியில்லை. மறுபடி தூங்கிப்போய், ஆளில்லாத வெளியில் இருப்பதாகக் கனவு கண்டு, படுக்கையை அசுத்தமாக்கிவிடுகிறான்.

விடியற்காலையில் நபிகளார் கதவைத் திறந்துவிட்டு மறைந்துகொள்கிறார். திறந்தவர் முகத்தை அவன் பார்க்க நேர்ந்தால் வெட்கத்தில் குன்றிப்போவான் என்பதற்காக அப்படிச் செய்கிறார். அவன் ஓடிவிடுகிறான். பிறகு, தோழர்கள் தாங்கள் துவைப்பதாகக் கெஞ்சியும் கேளாமல், அந்தப் படுக்கையைத் தம் கையாலேயே கழுவுகிறார். மறந்துபோன தாயத்தைத் தேடித் திரும்பி வந்தவன் அந்தக் காட்சியைக் கண்டு கதறுகிறான். விருந்தாளி ஏழு ஆடுகளின் பாலைக் குடித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. பூட்டிய கதவும் படுக்கையும் அதில் இல்லை. ஹதீஸாக எடுத்துச் சொல்ல முடியாத கதை இது. ஆனால் விருந்தோம்பலைப் பற்றி ரூமி கண்டுபிடித்த இரண்டு உண்மைகள் அதில் இருக்கின்றன. படுக்கை அசுத்தமானதற்குக் காரணம் வெளியிலிருந்து போட்ட சங்கிலி. அடுத்து, கழுவுவதற்கு முன் செய்ய வேண்டியது மறைந்துகொள்வது.

புத்தளம் மாவட்டத்தில் முஸ்லிமும் இந்துவும் கத்தோலிக்கரும் பௌத்தரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள். பிறர் அழுக்கைக் கழுவும் இந்தக் கடமை எல்லாருடைய நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. வயிற்றோட்டம் கண்டு தன் மலத்திலேயே கிடந்த ஒரு பிக்குவை, புத்தர் தண்ணீர் ஊற்ற அவருடைய சீடர் ஆனந்தர் கழுவினார் என்கிறது விநய பிடகத்தின் மகாவக்கம். காஞ்சிபுரத்துத் திருக்குறிப்புத் தொண்ட நாயனார் சிவனடியாரின் துணிகளைத் துவைப்பதையே வழிபாடாகக்கொண்டவர். குளிர்காலத்தில் அழுக்குக் கந்தையோடு வந்த ஏழை அடியவருக்கு, பொழுது சாயுமுன் துவைத்து உலர்த்தித் தருவதாக வாக்களித்தார். மழை விடவில்லை. வாக்குத் தவறியதைத் தாங்காமல் துவைக்கிற கல்லில் தலையை மோதப்போனபோது இறைவன் கை தடுத்தது என்று பெரியபுராணம் பாடுகிறது. அறுபத்துமூன்று நாயன்மாரில் அவரும் ஒருவர்.

ஒரு விரிப்பு தங்கியவரின் உடலைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகிறது. முதியவரின் மூத்திரக் கட்டுப்பாடு தளர்ந்திருப்பதை, பத்து வயதுப் பிள்ளை இன்னும் இரவில் நனைப்பதை, கருச்சிதைவை, புதுமணத் தம்பதியின் இரவை. சொல்வதாக நாம் நினைப்பது பல முறை பொய்யாகவும் இருக்கும். மனித வரலாற்றில் கறைபட்ட துணியைச் சாட்சியாக்கிய கொடுமை பெரிது. திருமணத்துக்கு மறுநாள் விரிப்பில் இரத்தம் தேடும் வழக்கம் இலங்கையிலும் சில குடும்பங்களில் இருந்துவந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கஞ்சர்பாட் சமூகத்தில் அந்த வழக்கத்துக்கு எதிராக அவர்களின் இளைஞர்களே 2018இல் இயக்கம் நடத்தினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கன்னிமைச் சோதனைக்கு மருத்துவ அடிப்படை இல்லை, அதை ஒழிக்க வேண்டும் என்று அறிவித்தன. முதல் உறவில் இரத்தம் வராத பெண்கள் ஏராளம்.

குர்ஆனில் இரத்தக் கறை படிந்த துணி ஒன்று வருகிறது. யூசுப் நபியின் சகோதரர்கள் அவரைக் கிணற்றில் தள்ளிவிட்டு, அவருடைய சட்டையில் பொய் இரத்தத்தைப் பூசித் தந்தையிடம் கொண்டுவருகிறார்கள். விவிலியத்தின் ஆதியாகமத்தில் யாக்கோபு அந்த இரத்தத்தை நம்பி, மகனை விலங்கு தின்றுவிட்டது என்று உடையைக் கிழித்துக்கொண்டு அழுகிறார். குர்ஆனின் யஃகூப் நபி நம்பவில்லை. உங்கள் மனம் உங்களுக்கு ஏதோ ஒன்றை அழகாக்கிக் காட்டியிருக்கிறது என்ற பொருளில் பேசி, பொறுமையைத் தேர்ந்துகொள்கிறார். அதே குர்ஆன் நான்கு சாட்சிகள் இல்லாமல் ஒரு பெண்ணின் கற்பைப் பழிப்பவருக்கு எண்பது கசையடி விதிக்கிறது. நான்கு மனிதர் நேரில் கண்டு சொன்னாலொழிய ஏற்கப்படாத ஒன்றை ஒரு விரிப்பின் மூலையிலிருந்து ஊகித்து, வீதியில் பேசுவதற்கு எந்த வீட்டுக்காரருக்கும் அனுமதியில்லை. பிறர் குறையை மறைப்பவரின் குறையை இறைவன் மறைப்பான் என்பது சிறு பிள்ளைகளுக்கும் ஓதிக்கொடுக்கப்படும் ஹதீஸ். காசு கொடுத்துத் தங்கியவர் என்பதால் அந்தக் கடமை குறைந்துவிடாது. கறையைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், அயலவரிடம் கதையாகச் சொல்வதும் அமானித மோசடி.

மறைவு இல்லாத வாழ்வு எவ்வளவு வலிக்கும் என்று இந்த மாவட்டம் அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த மக்களில் பெரும்பாலானோர் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார்கள். உள்ளூர் மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் தென்னந்தோப்புகளையும் திறந்துவிட்டார்கள். சோறும் துணியும் பகிர்ந்தார்கள். ஒரு கிணற்றைப் பல குடும்பங்கள் பங்கிட்ட ஓலைக் கொட்டில்களில், துணி துவைப்பதும் காயப்போடுவதும்கூடப் பெண்களுக்கு நாலு பேர் பார்க்கும் காரியமாயின. ஆண்டுகள் நீண்டபோது தண்ணீருக்கும் வேலைக்கும் உரசல்களும் வந்தன. அந்த அகதிகளின் பிள்ளைகள் இன்று இதே மாவட்டத்தில் வளர்ந்தவர்கள். விருந்தாளியாக இருப்பதன் கூச்சத்தைப் பெற்றோரிடமிருந்து கேட்டறிந்த தலைமுறை அது.

இன்னும் ஒருவரைப் பற்றிப் பேசியாக வேண்டும். ரூமியின் கதையில் வீட்டின் தலைவரே படுக்கையைக் கழுவினார். இன்றைய தங்குமிடங்களில் அதைக் கழுவுவது பெரும்பாலும் தினக் கூலிக்கு வரும் ஒரு பெண். திருக்குறிப்புத் தொண்ட நாயனார் பிறந்த வண்ணார் குலத்தை நாயன்மார் வரிசையில் ஏற்றிவைத்த தமிழ்ச் சமூகம், அதே குலத்தவரின் தலையில் பிறப்பு, மாதவிடாய், இறப்பு மூன்றின் துணிகளையும் சுமத்தி, தீட்டைக் கழுவுகிறவரையே தீட்டாக்கியது. இலங்கையில் சாதியின் பெயரால் பொது இடங்களில் ஒதுக்குவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. டச்சுக்காரர் தம் படையின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ் வண்ணார் குடும்பங்களைக் கேரளத்தின் கொச்சிக்குக் கொண்டுபோனார்கள். அவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்ற இடத்தில் உள்ள சலவைத் துறையில் தங்குவிடுதிகளின் விரிப்புகளைக் கையால் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, கயிற்றில் உலர்த்துகிறார்கள். சுத்தமான அறை என்று விருந்தினர் எழுதும் பாராட்டுக்குப் பின்னால் இப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன.

கறைக்கான ஈட்டுத்தொகையை விருந்தினரிடம் வாங்கும் வீட்டுக்காரர், அதில் துவைத்தவருக்கு என்ன கொடுத்தார் என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிமொழி பள்ளிவாசல் மிம்பர்களில் அடிக்கடி ஒலிக்கிறது. இரத்தமும் மலமும் பட்ட விரிப்பைக் கையுறை இல்லாமல் அலசச் சொல்வது சுகாதாரக் கேடு. அதைத் தினக் கூலிக்குள்ளேயே அடக்கிவிடுவது அநியாயம். அப்படிப்பட்ட விரிப்புக்குத் தனிக் கூலி பேச வேண்டும். தன் கையாலும் ஒன்றிரண்டைத் துவைத்துப் பார்ப்பது வீட்டுக்காரருக்கு இழுக்காகாது.

மதுரங்குளியிலும் கற்பிட்டியிலும் அறை வாடகைக்குக் கொடுப்பவர்களும் கொடுக்க எண்ணுபவர்களும் இவற்றைச் செய்யலாம். அறையின் அலமாரியில் மாற்று விரிப்பொன்றும் தலையணை உறையொன்றும் வையுங்கள். விருந்தினர் உங்களை அழைக்காமலே மாற்றிக்கொள்ளட்டும். மெத்தைக்கு நீர் புகாத உறை போடுங்கள். குளியலறையில் கறுப்பு நிறத் துவாய் ஒன்றும் மூடியுள்ள வாளி ஒன்றும் இருக்கட்டும். ஏதாவது கறை பட்டால் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டுச் சொல்லுங்கள், வருந்த வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வையுங்கள். கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு விலை கேட்பதானால் விருந்தினரிடம் மட்டும், தனியாக, துணியின் உண்மை மதிப்பை மட்டும் கேளுங்கள். துவைப்பவருக்குக் கையுறையும் நியாயமான கூலியும் கொடுங்கள். கைட் பருவம் மே மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் இத்தனையையும் செய்து முடிக்கப் பெரிய முதல் தேவையில்லை.